5 லட்சத்துக்கு பாலிசி இருந்தும் கையிலிருந்து ஒரு லட்சம் போவது ஏன்?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதுவரை 18 சதவீதம் இருந்தது. ஆனாலும் புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதத்தில் தொகை எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லையே என்று பலர் கேட்கிறார்கள். பில்லில் பாதிக்கு மேல்தான் இன்சூரன்ஸ் கொடுத்தது, மீதியை நாங்களே கட்டினோம் என்ற புலம்பலும் டிஸ்சார்ஜ் கவுன்டரில் அன்றாடம் கேட்பதுதான்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. மருத்துவமனை எவ்வளவு வாங்கலாம் என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. காப்பீட்டு நிறுவனம் தன் பக்கம் இழப்பு வராமலிருக்க பாலிசிக்குள் சில வரம்புகளை வைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் தொகை நோயாளியின் தலையில் வந்து சேர்கிறது. அது எப்படி என்பதை முதலில் பில்லிலிருந்து பார்ப்போம்.

பாலிசியில் பார்க்க வேண்டிய நான்கு எண்கள்

பாலிசி வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது காப்பீட்டுத் தொகையை மட்டும்தான். அது நிறுவனம் ஓராண்டில் தரக்கூடிய உச்சவரம்பு. ஒரு குறிப்பிட்ட பில்லுக்கு எவ்வளவு வரும் என்பதை முடிவு செய்பவை கீழே உள்ள நான்கும்.

1. ரூம் வாடகை வரம்பு: ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற எல்லை. பழைய பாலிசிகள் பலவற்றில் இது காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். 5 லட்சம் பாலிசி என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். சில பாலிசிகளில் ரூபாய்க்குப் பதிலாக 'தனி ஏ.சி. அறை' என்று வகை மட்டும் இருக்கும்.

2. கோ-பேமென்ட்: ஏற்கப்பட்ட கிளைம் தொகையிலும் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை. 60 வயதுக்கு மேல் சேர்ந்தவர்களின் பாலிசிகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

3. சிகிச்சை வாரியான உள்வரம்பு: கண்புரை அறுவைக்கு ஒரு கண்ணுக்கு இவ்வளவு, ஹெர்னியாவுக்கு இவ்வளவு என்று தனித்தனியே போட்டிருப்பார்கள். காப்பீட்டுத் தொகை 10 லட்சமாக இருந்தாலும் இந்த வரம்பைத் தாண்டி ஒரு ரூபாய் வராது.

4. காத்திருப்புக் காலம்: பாலிசி எடுத்த முதல் 30 நாட்களுக்கு விபத்து தவிர வேறெதற்கும் கிளைம் இல்லை. ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம். 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 மாதம்வரை இருந்தது.

இந்த நான்கும் 'வாடிக்கையாளர் தகவல் தாள்' என்ற சுருக்கமான பக்கங்களில் இருக்கும். 2024 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பாலிசியுடனும் இதை எளிய மொழியில் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உத்தரவு. தமிழில் வேண்டும் என்று கேட்டுப் பெறலாம். பெரும்பாலோர் கேட்பதில்லை என்பதால் ஏஜென்ட்களும் கொடுப்பதில்லை. கேளுங்கள்.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

காப்பீட்டுத் தொகை 5 லட்சம், ரூம் வரம்பு 5,000, கோ-பேமென்ட் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 8,000 ரூபாய் அறையில் 5 நாள் தங்கி அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார். பில் இப்படி வருகிறது:

- அறை வாடகை: 40,000
- சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், டாக்டர் விசிட்: 90,000
- ஆபரேஷன் தியேட்டர்: 40,000
- நர்சிங்: 10,000
- மருந்துகள்: 45,000
- ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்: 20,000
- கையுறை, மாஸ்க், டயப்பர், பதிவுக் கட்டணம் போன்றவை: 15,000

மொத்தம் 2,60,000. வரம்பு 5,000, அறை 8,000. ஒரு நாளைக்கு 3,000 வீதம் 5 நாளைக்கு 15,000 மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் குடும்பத்தார் கணக்குப் போட்டிருப்பார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு வேறு.

தகுதியான வாடகை 5,000, எடுத்த அறை 8,000. விகிதம் 62.5 சதவீதம். அறைக்கு 25,000 ரூபாய் ஏற்கப்படும். டாக்டர், தியேட்டர், நர்சிங் மூன்றும் சேர்ந்த 1,40,000 ரூபாயிலும் அதே 62.5 சதவீதம்தான், அதாவது 87,500. மருந்து 45,000, பரிசோதனை 20,000 இரண்டும் முழுதாக ஏற்கப்படும். கடைசி வரியில் உள்ள 15,000 முழுதாக வெட்டப்படும். ஆக ஏற்கப்பட்ட தொகை 1,77,500. அதில் கோ-பேமென்ட் 10 சதவீதம், 17,750 போக, நிறுவனம் தருவது 1,59,750.

குடும்பம் கட்டுவது 1,00,250 ரூபாய். காப்பீட்டுத் தொகையில் பாதிகூடத் தொடவில்லை, ஆனாலும் ஒரு லட்சம் போய்விட்டது. நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐ.சி.யு. அல்லாத அறைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் உண்டு. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அறைக்கும் சர்ஜன் கட்டணத்துக்கும் என்ன தொடர்பு?

பெரிய தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் விலைப் பட்டியலே அறை வகையை ஒட்டித்தான் இருக்கும். பொது வார்டில் இருப்பவருக்குச் செய்யும் அதே அறுவைக்கு, அதே சர்ஜனுக்கு, அதே தியேட்டருக்கு, டீலக்ஸ் அறையில் இருப்பவரிடம் கூடுதல் கட்டணம். மருத்துவத்தில் எந்த வேறுபாடும் இல்லை. வசதியுள்ளவரிடம் கூடுதலாக வாங்கும் முறை இது. 'நீங்கள் தகுதிக்கு மேல் அறை எடுத்ததால்தான் எல்லாக் கட்டணமும் ஏறியது, அந்த ஏற்றத்தை நாங்கள் சுமக்க முடியாது' என்பது காப்பீட்டு நிறுவனத்தின் வாதம். இதற்குப் பெயர் விகிதாசாரப் பிடித்தம்.

ஒரு காலத்தில் மருந்து, ஸ்டென்ட் என்று எல்லாவற்றிலும் இந்தக் கத்தி விழுந்தது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020இல் கொண்டுவந்த விதிகள் அதற்கு எல்லை போட்டன. டிஸ்சார்ஜ் நேரத்தில் வாதாட உதவும் என்பதால் இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. மருந்து, நுகர்பொருட்கள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றில் விகிதாசாரப் பிடித்தம் கூடாது.
2. ஐ.சி.யு. கட்டணத்தில் கூடாது.
3. அறை வகையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனை என்றால் விகிதாசாரப் பிடித்தமே கூடாது. சிறிய, நடுத்தர ஊர் மருத்துவமனைகள் பல இந்த வகை. 'எங்களிடம் எல்லா அறைக்கும் ஒரே கட்டணம்' என்று மருத்துவமனையிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் வெட்டிய தொகை திரும்ப வர வழியுண்டு.

மேலே கண்ட பில்லில் அதே நோயாளி 5,000 ரூபாய் அறையில் தங்கியிருந்தால்? அறைக்கும் டாக்டர், தியேட்டர், நர்சிங்குக்கும் வெட்டு கிடையாது. அறை வகைக்கேற்ப கட்டணம் மாறும் மருத்துவமனை என்றால் அந்த 1,40,000 ரூபாயே குறைந்திருக்கும். அட்மிஷன் நேரத்தில், பதற்றத்தில், 'ஷேரிங் ரூம் காலியில்லை, சிங்கிள்தான் இருக்கு' என்ற ஒரு வாக்கியத்துக்குத் தலையாட்டுவதன் விலை இங்கே 62,250 ரூபாய்க்கும் மேல். தகுதியான அறை உண்மையிலேயே காலியில்லை என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலியானதும் மாற்றச் சொல்லுங்கள்.

கடைசி வரியின் 15,000 ரூபாய் பற்றி ஒரு சொல். கையுறை, மாஸ்க், ஈ.சி.ஜி. எலக்ட்ரோடு, டயப்பர், க்ரேப் பேண்டேஜ், தெர்மாமீட்டர், உள்ளே என்ன இருக்கிறது என்று விவரம் எழுதாத 'கிட்'கள் என 68 பொருட்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. கூடுதல் பிரீமியம் கட்டி இணைப்பு வாங்கினால் தவிர இவற்றுக்குப் பணம் வராது. கையுறை இல்லாமல் அறுவை சிகிச்சை செய்ய முடியுமா என்று கேட்டால் பதில் இல்லை. நியாயமான கேள்வி அது.

கேஷ்லெஸ் எந்த இடத்தில் சிக்குகிறது?

கேஷ்லெஸ் என்றால் பில்லைக் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது. திட்டமிட்ட அறுவை என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் முன் அனுமதிப் படிவம் கொடுத்துவிட வேண்டும். அவசர அட்மிஷன் என்றால் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது பாதுகாப்பானது. படிவம் காப்பீட்டு நிறுவனத்துக்கோ, அதன் சார்பில் கிளைம் பார்க்கும் டி.பி.ஏ.வுக்கோ போகும்.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கோரிக்கை வந்த ஒரு மணி நேரத்துக்குள் கேஷ்லெஸ் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும்.

நடைமுறையில் தாமதம் பெரும்பாலும் இதற்கு முன்னாலேயே நடக்கிறது. டாக்டர் காலை ரவுண்ட்ஸில் 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்வார். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி, ஃபார்மசி கணக்கு முடிந்து, இறுதி பில் டி.பி.ஏ.வுக்குப் போகவே மாலை ஆகிவிடும். 3 மணி நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. பில் எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரும் அனுமதித் தொகையைப் பார்த்து பயப்படவோ நிம்மதியடையவோ வேண்டாம். 2,60,000 கேட்டால் 50,000 ரூபாய்க்கு முதல் அனுமதி வருவது வழக்கம். மீதி, இறுதி பில் போன பிறகு வரும்.

கேஸ் ஷீட்டில் ஒரு வரி

கிளைம் முழுதாக மறுக்கப்படுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, நோயை மறைத்தார் என்ற குற்றச்சாட்டு. பல நேரங்களில் அதன் தொடக்கம் மிகச் சாதாரணமானது. பணியில் இருக்கும் இளம் டாக்டர் 'சுகர் எத்தனை வருஷமா இருக்கு?' என்று கேட்பார். 'அது ஒரு பத்து வருஷமா இருக்கும்ங்க' என்று கூட வந்தவர் யாராவது சொல்வார். கேஸ் ஷீட்டில் 'பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய்' என்று ஏறிவிடும். பாலிசி எடுத்தது நான்காண்டுக்கு முன், படிவத்தில் சர்க்கரை பற்றி எதுவும் இல்லை. கிளைம் அங்கேயே நின்றுவிடும்.

தெரியாத தேதியைத் தெரிந்ததுபோல் சொல்லக் கூடாது. மருத்துவ வரலாற்றை விவரம் தெரிந்த ஒருவர் மட்டும் சொல்லட்டும். தவறாக எழுதியிருந்தால், சிகிச்சை அளித்த டாக்டரிடம், நோய் முதலில் கண்டறியப்பட்ட மாதத்தைக் குறிப்பிட்டு, பழைய பரிசோதனை முடிவுகளின் அடிப்படையில், திருத்தக் கடிதம் வாங்கலாம்.

பாலிசி வாங்கும்போதே சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு எல்லாவற்றையும் எழுதிவிடுவதுதான் நல்லது. பிரீமியம் கொஞ்சம் கூடலாம், அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலமும் இருக்கலாம். 'அதெல்லாம் போட வேண்டாம் சார், ரிஜெக்ட் பண்ணிடுவாங்க' என்று சொல்லும் ஏஜென்ட் கிளைம் நேரத்தில் உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடியை நிரூபித்தால் தவிர, மறைத்தார் என்று சொல்லி மறுக்க முடியாது. முன்பு இது 8 ஆண்டாக இருந்தது. இடையில் பிரீமியம் கட்டத் தவறி, சலுகை நாட்களும் தாண்டிவிட்டால் இந்த எண்ணிக்கை அறுந்துபோகும். ஆண்டு பிரீமியத்துக்குச் சலுகை 30 நாள். மாதத் தவணைக்கு 15 நாள்தான்.

ஜி.எஸ்.டி. போயும் பிரீமியம் ஏன் இறங்கவில்லை?

கடந்த ஆண்டு அடிப்படை பிரீமியம் 30,000, ஜி.எஸ்.டி. 5,400, மொத்தம் 35,400 கட்டிய குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வரி நீங்கியதால் இந்த ஆண்டு 30,000 ஆக வேண்டும். நிறுவனம் அடிப்படை பிரீமியத்தை 12 சதவீதம் ஏற்றினால் 33,600. குடும்பத்தில் மூத்தவர் அடுத்த வயது அடுக்கில் நுழைந்து 20 சதவீதம் ஏறினால் 36,000. வரி இருந்தபோது கட்டியதைவிட அதிகம்.

ஏற்றத்துக்குக் காரணங்கள் பல:

1. வயது அடுக்கு. 46, 51, 56, 61 என்று அடுக்கு மாறும் ஆண்டில் ஒரே தாவலாக ஏறும். குடும்ப பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்தே பெரும்பாலும் பிரீமியம் போடுகிறார்கள்.

2. சிகிச்சைச் செலவு ஏற்றம். புதிய கருவிகள், விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துகள், ரோபோ அறுவை எல்லாம் பொதுவான விலைவாசியைவிட வேகமாக ஏறுகின்றன. கிளைமில் கொடுத்த பணம் அடுத்த முறை பிரீமியத்தில் திரும்ப வரும்.

3. உள்ளீட்டு வரி. ஜி.எஸ்.டி. இருந்தபோது, கமிஷன், வாடகை, மென்பொருள் ஆகியவற்றுக்குக் கட்டிய வரியை நிறுவனம் கழித்துக்கொள்ள முடிந்தது. விலக்கு வந்ததும் அந்தக் கழிவு போய்விட்டது. அது இப்போது செலவாகிறது.

4. நிர்வாகச் செலவு. மருத்துவக் காப்பீடு மட்டும் செய்யும் நிறுவனங்கள் மொத்த பிரீமியத்தில் 35 சதவீதம்வரை கமிஷனுக்கும் நிர்வாகத்துக்கும் செலவிட விதி அனுமதிக்கிறது. 2023-24 நிதியாண்டில் இந்த நிறுவனங்கள் ஈட்டிய ஒவ்வொரு 100 ரூபாய் பிரீமியத்திலும் கிளைமாகத் தந்தது ஏறத்தாழ 65 ரூபாய். பொதுத்துறை நிறுவனங்களில் அது 100 ரூபாயைத் தாண்டியது, அதாவது வாங்கியதைவிட அதிகம் கொடுத்தன. இரண்டுமே ஆரோக்கியமான நிலை அல்ல. முதலாவது பாலிசிதாரருக்குக் கேடு, இரண்டாவது நெடுநாள் தாங்காது.

60 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2025 ஜனவரியில் வந்த உத்தரவுப்படி, ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் அவர்களின் பிரீமியத்தை ஏற்ற முடியாது. கம்பெனி மூலம் கிடைக்கும் குழு பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு பொருந்தாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரே மருத்துவமனையில் ஒரே அறுவைக்கு குறைந்தது மூன்று விலைகள் உண்டு. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருபவருக்கு அரசு நிர்ணயித்த பேக்கேஜ் தொகை. காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்தால் பேசி முடித்த விலை. நான்கு பொதுத்துறை பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து இப்படிப் பேரம் பேசுகின்றன. காப்பீடே இல்லாமல் ரொக்கமாகக் கட்டுபவருக்குப் பட்டியல் விலை. பேரம் பேச ஆளில்லாதவரே மிக அதிகம் கட்டுகிறார். இது அநியாயம் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை.

விலையைக் கட்டுப்படுத்த முடியாது என்பதும் இல்லை. இதய ரத்தக் குழாயில் வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது. அதற்கு முன் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றவை உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கும் வரம்பு வந்தது. ஆனால் வரம்பு கருவிக்கு மட்டும்தான். அதைப் பொருத்தும் தியேட்டர் கட்டணத்துக்கும் அறை வாடகைக்கும் கிடையாது.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதல்வர் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம்வரை சிகிச்சை உண்டு. அதற்குச் சற்று மேலே, மாதம் 20,000, 30,000 சம்பாதிக்கும் குடும்பங்கள்தான் அரசுத் திட்டத்துக்கும் தனியார் பாலிசிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் கையிலிருந்து நேரடியாகப் போனது. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் அதில் அடக்கம். அவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை.

செலவைக் கட்டுக்குள் வைக்க

பிரீமியம் ஏறுகிறது என்று பாலிசியைக் கைவிட்டால் காத்திருப்புக் காலமும் 60 மாத எண்ணிக்கையும் முதலிலிருந்து தொடங்கும். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் போர்ட் செய்யலாம், அதாவது பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். முடித்த காத்திருப்புக் காலம், பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குக் கூடவே வரும். புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்குங்கள். புதிய நிறுவனம் மறுக்கலாம் என்பதால், அது ஏற்கும்வரை பழையதை விடக் கூடாது.

காப்பீட்டுத் தொகையைக் கூட்ட மலிவான வழி சூப்பர் டாப்-அப். 5 லட்சம் அடிப்படை பாலிசி, அதற்கு மேல் 5 லட்சம் கழிவுடன் (முதல் 5 லட்சத்துக்கு இது பணம் தராது) 20 லட்சம் சூப்பர் டாப்-அப் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் 4 லட்சம், 3 லட்சம் என்று இரண்டு பில். அடிப்படை பாலிசி 5 லட்சம் தரும், சூப்பர் டாப்-அப் மீதி 2 லட்சம் தரும். வெறும் 'டாப்-அப்' என்றால் ஒரு பைசா வராது, ஏனெனில் அது ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியாகப் பார்க்கும். இரண்டுமே 5 லட்சத்தைத் தாண்டவில்லை. இரண்டின் பிரீமியத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வாங்கும்போது 'சூப்பர்' இருக்கிறதா என்று பாருங்கள்.

கிளைமை வெட்டினால், மறுத்தால்

1. எந்த நிபந்தனையின்படி மறுக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். கிளைம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்பது 2024 சுற்றறிக்கை. விதியின் எண் இல்லாத மறுப்புக் கடிதத்தை ஏற்க வேண்டியதில்லை.

2. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். இறுதி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டரின் கடிதம் மூன்றும் இணைப்பில் இருக்கட்டும். ஆணையத்தின் 'பீமா பரோசா' இணையதளத்திலும் பதிவு செய்யலாம். தொலைபேசி எண் 155255.

3. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம்வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் உண்டு. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் நீதிமன்றத்தில் ஏற்கனவே வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் முதலில் இங்கே போவதே நல்லது.

4. ஆம்புட்ஸ்மேன் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்; 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்குத் திருப்தியில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றத்தின் வழி அதன் பிறகும் திறந்தே இருக்கிறது.

முழு மறுப்புக்கு மட்டுமே புகார் செய்ய முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறாகப் போட்ட விகிதாசாரப் பிடித்தம், மருந்தில் வெட்டியது, ஐ.சி.யு.வில் வெட்டியது என்று பகுதி வெட்டுகளுக்கும் இதே நான்கு படிகள்தான். 10,000 ரூபாய்க்கும் போகலாம்.